அரசன் இருந்த இடத்தில் அண்ணன்

ஜூன் 3, திங்கள்
என் மனைவி சரித்திர டீச்சர். 1776இல் அமெரிக்கா எழுதிய விடுதலைப் பிரகடனத்தையும், 1848இல் அங்கே பெண்கள் எழுதிய உரிமைப் பிரகடனத்தையும் பிள்ளைகள் ஒப்பிட வேண்டுமாம். "மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க, ஒண்ணும் கண்ணுல படல" என்று புலம்பினாள்.

"பழைய ஒப்பந்தம் பக்கத்துல புதுசை வெச்சு, மாறினதைப் பார்க்கணும். குழாய்க் கடையில நான் வேற என்ன பண்றேன்?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை நான் பாடம் எடுக்கிறேனாம்!

ஜூன் 6
சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. இரண்டு தடவை.

ஜூன் 7
பறக்கிறேன்! பழகிக்கொள்ள முதலில் என் கடையின் பழைய, புதிய கூட்டு ஒப்பந்தங்களைக் கொடுத்தேன். மாறிய இடத்தில் சிவப்புக் கோடு. பிறகு பிரகடனங்கள்.

"சார், பழசுல இங்கிலாந்து ராஜா மேல புகார் சொன்ன இடத்துல எல்லாம் புதுசுல ஆம்பளைங்க மேல புகார்!"

வகுப்பே எழுந்து நின்று கத்தியது. அப்போது முதல் பெஞ்சுக் கண்ணாடிக்காரி: "சார், சரக்கு, ஆர்டர், கிடங்கு எல்லாம் தங்கை பொறுப்புன்னு உங்க ஒப்பந்தத்துல இருக்கு. பங்குதாரர் மட்டும் நீங்களும் மச்சானும். ரெண்டுலயும் அதேதான். ஏன் சார்?"

மச்சான் கடைப் பக்கம் வந்து ஏழு வருடம். தங்கச்சி புருஷன்தானே என்று அவர் பேரையே போட்டு வந்தேன்... நானா இவ்வளவு மடையன்?

கடையில் இதைச் சொல்லி நானே சிரித்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. "அந்தப் பிரகடனத்தைக் குடுண்ணே."

ஜூன் 8
கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. கதவில் ஒரு தாள். பிளம்பர்கள் சுற்றி நின்று சத்தமாக வாசிக்கிறார்கள்.

'அண்ணன் என்னைக் கேட்காமல் துருப்பிடித்த வால்வுகளை வாங்கினார். நான் பேசி முடித்த ஆர்டரைத் தான் முடித்ததாகச் சொல்லிக்கொண்டார்...'

பதினாறு புகார்!

"பதினொண்ணாவது சூப்பர், முதலாளி!"

கோபம் வர வேண்டும். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வருகிறது. என்ன எழுத்து! ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை.

கடைசி வரியில் சிரிப்பு நின்றது. 'எதிர்க்கடைக்காரர் பங்கு தருவதாகச் சொல்கிறார். திங்கள்வரை பொறுப்பேன்.'

அவள் போய்விட்டால்? எந்தத் திருகு எந்தப் பெட்டியில் என்றுகூட எனக்குத் தெரியாதே!

மச்சானுக்குப் போன் போட்டேன். "இத்தனை நாளா அவ பங்குதாரர் இல்லையா?" என்கிறார்!

ஜூன் 10
புது ஒப்பந்தத்தை அவளே எழுதிக்கொண்டு வந்தாள். மாறிய இடங்களில் கோடு போடத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவில் மை தீர்ந்தது.

"கோடு போட்டது போதும்ணே. நீலப் பேனாவை எடு."

அவள் கையெழுத்துக்குக் கீழே எனக்கு இடம் விட்டிருந்தாள்.