சீப்புப் பரீட்சை

என் அன்பு வாயாடிக்கு,

உன் பேச்சுச் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறதே தவிர, இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும், அந்தத் தங்கும் விடுதியின் மலைபோன்ற விரிப்புகளும் தலையணை உறைகளும் நலமா? சலவைப் பிரிவுக்கே அம்மாதான் தலைவி என்று மகள் தன் தோழிகளிடம் பீற்றிக்கொள்கிறாள். நானும் முடிவெட்ட வருகிறவர்களிடம் சொல்லாமல் இல்லை.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ, "தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஆமாம், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். குரல் கொஞ்சம் நடுங்கினால் போதும், நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். அப்புறம் உன்னைச் சமாதானப்படுத்தவே நேரம் சரியாகிவிடுகிறது. போன வாரம் நீ கேட்டாயே, "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க, இன்னும் ரெண்டு வருஷ வேலை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று. அதற்கு உளறாமல் பதில் சொல்லத்தான் இந்தக் காகிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயப்படாதே. கை நல்ல திடமாக இருந்த காலத்திலேயே என் கையெழுத்துக்காக வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான்.

படபடப்புக்காக நான் விழுங்கிவந்த மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டோம் என்று சொன்னேன் அல்லவா? எப்படிப் போகிறது என்று விவரமாகச் சொல்லவில்லை. டாக்டரம்மா ஒரு படி குறைப்பார். உடம்பு அதற்குப் பழகும்வரை அங்கேயே நிற்க வைப்பார். பிறகு அடுத்த படி. மாத்திரையை வெட்டும் பொறுப்பு மகளிடம். மருந்துக்கடையில் ஒரு குட்டி வெட்டுக்கருவி வாங்கி வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவனுக்குத் தன் மாத்திரையை வெட்டிக்கொள்ள உரிமை இல்லை, பார்த்தாயா!

முதல் படி சுலபமாகப் போயிற்று. இரண்டாவது படியில்தான் உடம்பு முரண்டு பிடித்தது. கூட்டமாக இருக்கிறது என்று வாசலோடு திரும்பிப் போகும் வாடிக்கையாளர் மாதிரி, தூக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உள்ளங்கை வியர்க்கும். தோள்பட்டைச் சதை தானாகத் துடிக்கும். முப்பது வருடமாகக் கேட்ட கத்தரிச் சத்தம் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் இருக்கும். கோபம் வேறு மூக்குமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கடையில் என்னோடு முடிவெட்டும் தம்பி ஒரு துண்டைக் கீழே போட்டதற்கு நான் கத்திய கத்தலில், அடுத்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

கை விஷயத்தில் மட்டும் விளையாட்டே இல்லை. தம்பியும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் கடை திறந்ததும் தண்ணீர்க் குவளையை வைத்து, அதற்குள் நீளச் சீப்பை விளிம்பில் படாமல் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். தம்பி ஒரு பாட்டின் முதல் அடியை முணுமுணுத்து முடிப்பதற்குள் சீப்பு குவளையில் 'டிக்'கென்று இடித்தால், அன்றைக்கு நான் சவரக்கத்தியைத் தொடக்கூடாது. கத்தரி மட்டும்தான், கழுத்து, கன்னமெல்லாம் அவன் பொறுப்பு. இதற்குச் சீப்புப் பரீட்சை என்று பெயர். ஒழுங்காகத் தேறியவன் என்று சொல்லமாட்டேன். தம்பியாவது பாட்டைச் சீக்கிரம் முடிப்பானா? ராகம் இழுத்துப் பாடுகிறான் பாவி.

இனி நீ திட்டப்போகிற பகுதி. இரண்டு வருட நீட்டிப்பு வரும்போல இருக்கிறது என்று போன மாதம் சொன்னாயே, அப்போதே எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. நீ கேட்கும் நாளில் "மாத்திரையே இல்லை, ஜம்மென்று இருக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும் என்று ஆசை. காலையில் மகள் வெட்டித் தரும் மாத்திரைத் துண்டை வாயில் போடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, கடையில் பவுடர் டப்பாவுக்குள் போட ஆரம்பித்தேன். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவன்தான்.

சில நாளிலேயே உடம்பு ஆட்டம் காட்டிவிட்டது. நம் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. முன்னால் ஒரு நான், பின்னால் ஒரு நான், பக்கத்தில் இரண்டு நான். முகம் வெளிறுகிறதா, கண் பிதுங்குகிறதா, உதடு நடுங்குகிறதா என்று நாள் முழுக்க என்னையே வேவு பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் படபடப்பு ஏறியது. தாங்க முடியாமல், தம்பி சாப்பிடப் போன நேரத்தில் பழைய செய்தித்தாளை எடுத்து எல்லாக் கண்ணாடியையும் மூடி ஒட்டிவிட்டேன். கண்ணாடியை மூடிவிட்டு முடிவெட்டிய ஒரே ஆள் உலகத்தில் உன் புருஷனாகத்தான் இருப்பான்.

அரை மணி நேரத்துக்குள் நான் கடையை விற்றுவிட்டேன் என்று தெருவெல்லாம் பேச்சு. வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். நம் பழைய தபால்காரர் மட்டும்தான் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தலையில் நாலு முடியும் முகத்தில் நாள்தவறாமல் தாடியும் வளர்க்கிறவர். "நல்லதாப் போச்சு. என் மண்டையை நானே பார்க்கற தண்டனை இன்னைக்கு இல்லை" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். கத்தியை மெல்ல வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "தாடி எங்கேயும் ஓடிப்போகாது. நீங்க உட்காருங்க" என்று தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். அங்கே உட்கார்ந்து நான் குழந்தை மாதிரி அழுதேன். அதை உன்னிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தம்பி திரும்பி வந்தான், பவுடர் டப்பாவைத் திறந்தான், குட்டு உடைந்தது. மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். அவர் திட்டினார். "இது பந்தயம் இல்லீங்க. நீங்களா நிறுத்தினா வலிப்புகூட வந்துடும், தெரியுமா?" என்றார். பழைய படிக்கே ஏற்றிவிட்டார். எனக்கு முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்து, "ஒரு படி மேலே ஏறி நின்னா தோத்துட்டீங்கன்னு யார் சொன்னது? மூச்சு வாங்கிட்டு இறங்கலாம். இந்தத் தடவை இன்னும் சின்னப் படியா வெச்சுக்கலாம்" என்றார். படபடப்பு வரும்போது ஆபத்து வருகிறது என்று நினைக்காமல், மருந்து குறைவதை உடம்பு முணுமுணுக்கிறது என்று நினைக்கச் சொன்னார். காபியை விட்டாயிற்று. காலையில் மகளோடு ஏரிக்கரைவரை நடை. அலை மாதிரி வருகிறது, போகிறது. வரும்போது இது போகும் என்று இப்போது தெரிகிறது.

கண்ணாடிகளைத் திறந்துவிட்டோம். ஓரங்களில் ஒட்டிய காகிதம்தான் இன்னும் முழுசாகப் போகவில்லை. இன்று காலை சீப்பு இடிக்கவே இல்லை, தம்பி ராகம் இழுத்தும்கூட! தபால்காரருக்கு நானே சவரம் செய்தேன். ஒரு கீறல் இல்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். நான் முழுசாகத் தேறவில்லை; நன்றாக இல்லாமலும் இல்லை. இன்னும் பல மாதம் ஆகும் என்கிறார் டாக்டரம்மா. நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் படிப்படியாக இறங்கித்தான் தீருவேன். எனக்குத் தாதி வேலை பார்க்க ஓடிவர வேண்டாம். மகளும் தம்பியும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்க்கிறார்கள். அந்த வேலை உனக்குப் பிடித்துப்போய் அங்கே இருக்க ஆசைப்பட்டால், தாராளமாகக் கையெழுத்துப் போடு. முகம் சுளிக்க மாட்டேன். என் மாத்திரையைக் காரணம் காட்டி மட்டும் எதையும் முடிவு செய்யாதே.

ஆனால் மருந்து சாப்பிடுகிறவனைக் கேட்காமல் உன் புருஷனைக் கேட்டிருந்தால், அவன் வேறு பதில் வைத்திருக்கிறான். ஞாயிறு மாலை கடையை அடைத்த பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பின்கழுத்து முடியை நீ எடுத்துவிடுவாயே. போன விடுமுறையில் நீ எடுத்ததுதான் கடைசி. மற்ற இடத்தைத் தம்பி வெட்டுகிறான், அந்த இடத்தைத் தொட நான் விடவில்லை. இப்போது சட்டைக் காலரைத் தாண்டி இறங்கிவிட்டது. முடிவெட்டுகிறவருக்கே ஆள் கிடைக்கவில்லையா என்று வருகிறவன் போகிறவனெல்லாம் சிரிக்கிறான். ஆள் இருக்கிறாள், தூரத்தில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தில் நிற்காதே, நல்லபடியாக இரு. வருவதாக இருந்தால், உனக்குச் சீப்புப் பரீட்சை கிடையாது. கை நடுங்கினாலும் பரவாயில்லை, வா.

காலருக்குக் கீழே முடி வளர்ந்துபோன,
உன் வீட்டுக்காரன்