எண் பெற்ற கற்கள்

மார்ச் 9

கொலராடோ ஆற்றங்கரை. காலையிலிருந்து காற்று. படகைவிட்டு இறங்கியதும் மேட்டுக்குப் போனேன். மழைநீர் அரித்த பள்ளம் போன ஆண்டைவிட நீண்டிருக்கிறது. எங்கள் ஸூனி பழங்குடி முன்னோர் ஒருவர் புதைந்திருக்கும் இடத்துக்கு இன்னும் ஓர் ஆள் நீளம்தான் பாக்கி. முன்பெல்லாம் வெள்ளம் கரையில் மணலை விட்டுப்போகும், காற்று அதை மேலே ஏற்றிப் பள்ளத்தை மூடும். இப்போது மணல், ஆற்றின் மேலே கட்டிய அணைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. எங்களைவிட நல்ல கவனிப்பு.

மார்ச் 10

பள்ளத்துக்குக் குறுக்கே கல் அடுக்கி, இடையில் சுள்ளி செருகினோம். ஊரில் சோள வயலுக்கு அடுக்குவது போலத்தான். என் மனைவியின் தம்பி ஒர்லின் கேட்டான்: “அணை கெடுத்ததுக்கு இன்னொரு அணையா மாமா மருந்து?”

அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 22

நல்ல மழை. தடுப்பு தாங்கியதாம்.

பிப்ரவரி 3

பூங்கா அலுவலகத்திலிருந்து தொல்லியல் ஆய்வாளர் மார்லிஸ் தொலைபேசியில் பேசினாள். புதிய ஆட்கள் அந்த மேட்டில் பழங்காலக் கல் தடுப்புகளைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஸூனி முறை, வயது தொள்ளாயிரம் இருக்கலாம். தொல்லிடம் என்று பதிந்து எண்ணும் கொடுத்தாயிற்று. வாழ்த்துச் சொன்னாள்.

நாங்கள் போன மார்ச்சில் கட்டியது என்றேன்.

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “கொடுத்த எண்ணை எடுக்கணும்னா குழு கூடணுங்க” என்றாள்.

மார்ச் 14

ஒரு கல் சரிந்து, தண்ணீர் ஓரமாக வழி பிடித்திருக்கிறது. எடுத்து வைத்தால் முடிந்தது. பூங்காக் காவலர் தடுத்தார்: தொல்லிடத்தைத் தொடக் கூடாது.

“தம்பி, எனக்கே முப்பத்தொண்ணு. நான் வச்ச கல்லுக்குத் தொள்ளாயிரமா?” என்றான் ஒர்லின்.

காவலருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. மீறினால் இனி எங்களுக்கு அவர்கள் படகில் இடமில்லை. பிறகு மண்ணுக்குள் இருக்கும் முன்னோரைப் பார்க்க யார் வருவது? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மே 2

முன்னோரைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாமா என்று மார்லிஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன். பயணம் முடிந்து படுத்தவரை எழுப்பி எங்கே கொண்டுபோவது? புரிகிறது என்றாள். புரிந்துகொள்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஜூன் 30

குழு கூடவில்லை.

ஆகஸ்டு 19

அங்கே பேய்மழையாம். போகணும். இப்பவே போகணும். படகு அடுத்த மாசம்தான் — நான் என்ன செய்ய?

செப்டம்பர் 18

தடுப்புகள் கம்பீரமாக நிற்கின்றன. பள்ளம் அவற்றைச் சுற்றிக்கொண்டு மேட்டை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அவர் இருந்த இடம் இல்லை.

எண்ணை எடுத்துவிட்டார்கள், இனிக் கல்லைத் தொடலாம் என்று கூட வந்த மார்லிஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

படையலுக்கு மக்காச்சோள மாவு கொண்டுபோயிருந்தோம். ஒர்லின் பையைப் பிரித்துவிட்டு, “எங்க தூவறது மாமா?” என்றான்.

ஆற்றைக் காட்டினேன். அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று தெரியாததால், கொஞ்சம் கூடுதலாகவே தூவச் சொன்னேன்.