பதிவில் விழாத ஆமென்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் சுகமாயிருக்கிறேன், ஆபீசிலும் குறைவில்லை. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? போன் பண்ணினால் அப்பாதான் எடுப்பார், அதனால் எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். வேதப் படிப்பு விட்டுப்போகக் கூடாதென்று விசுவாசிகளைப் பேட்டி எடுத்து பாட்காஸ்ட் போடுகிறேன் அல்லவா? இந்த வாரம் என் அறைக்கு ராஜபாய் ஆன்ட்டி வந்தார், நாற்பது வருஷம் ஊழியம் செய்தவர். பேட்டி முடிந்ததும், "ஜெபிக்காம எப்பிடிப் போவேன் மோளே? நீயே ஜெபி" என்றார். கண்ணை மூடினேன். மைக்கின் சிவப்பு விளக்கு இன்னும் எரிவதைப் பார்க்கவில்லை.

"ஆண்டவரே, நீர் இருக்கிறீரா என்றே தெரியவில்லை. படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது" என்று ஜெபித்துவிட்டேன். முடிவைக் கேட்டுப் பார்க்காமலே இணையத்தில் போட்டு, அப்பாவுக்கும் அனுப்பிவிட்டேன். நேற்றுதான் முழுதாகக் கேட்டேன். இணையத்திலிருந்து உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அப்பா உபதேசியார் ஆயிற்றே. எப்போதும்போல் தான் கேட்கும் முன்பே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாருக்கும் பெருமையாகப் போட்டுக் காட்டுவார். அவருக்கு அனுப்பியதை இங்கிருந்து அழிக்க முடியவில்லை.

அதற்குள் அவர் போனிலிருந்து அழித்துவிடுங்கள், அம்மா. இன்னொன்று: அறைக்கு வெளியே தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் சத்தமெல்லாம் மைக்கில் விழுகிறது. ஜன்னலில் தொங்கவிட உங்கள் கம்பளிப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஊருக்குப் புறப்பட்ட நம் தெரு அனூப் அண்ணன் இதை வாங்க வாசலில் நிற்கிறார். அழிக்கும் முன் கடைசி நிமிடத்தை மட்டும் கேளுங்கள். நான் ஜெபித்து முடித்த பிறகு ஆன்ட்டி ஆமென் சொல்லவே இல்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பெனிலா