உன் அப்பா கையில் சிக்கிய பீரங்கி

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், அப்பா பரம நலம், நான் மட்டும் பதவி பறிபோன மன்னனைப் போல ஒரு மாதிரி நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, எங்களை நினைத்து அடிக்கடி விக்கவைத்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பார்வை போனதிலிருந்து உன் அப்பாவுக்குக் கண் நான்தான் என்பது உனக்குத் தெரியும். சாதாரணக் கண்ணா, தெருவில் பூனை போனால் புலி போகிறது என்று சொல்லும் கண்! அவரும் "சரிடா, சரிடா" என்று கேட்டுக்கொள்வார். ஆனால் வாசலைத் தாண்டச் சொன்னால் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார். நீ அனுப்பிய வெள்ளைக் கோல் கதவுக்குப் பின்னால் குடைக்குத் துணையாக நின்றது, "அதைப் பிடிச்சா ஊரே பார்க்கும்டா" என்பார். இப்படியே போனால் மனிதர் அந்த நாற்காலிக்கு உறையாகிவிடுவார் என்று உன் அம்மா கலங்க, நான் களத்தில் இறங்கினேன். நம் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பீரங்கி இருக்கிறது, அதன் வாய்க்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம், அது வெடித்த சத்தத்தில் பக்கத்து ஊர்க் கடிகாரமெல்லாம் நின்றுபோயின என்று வாரக்கணக்கில் ஓதினேன். கடைசியில் மனிதர் சட்டை மாற்றினார். கோலை மடக்கி, சத்தமில்லாமல் என் தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அங்கே படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே கைப்பிடி வைத்த சாய்தளம், என் தோளைப் பிடித்து ஏறினார். உள்ளே போனதும் என் கதைகளை அவிழ்த்துவிட்டேன். வாள் மின்கம்பம் உயரம், பூட்டு பெட்டி அளவு. உன் அப்பா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்து, "பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனி மேசை போட்டிருக்கோம் ஐயா, எல்லாத்தையும் தொட்டே பார்க்கலாம்" என்றார், புண்ணியவதி. தொட்டா! தொட்டால் நான் சொன்ன அளவெல்லாம் என்ன ஆவது! நேரமாகிவிட்டது அண்ணா என்று இழுத்துப் பார்த்தேன், அவர் அசையவில்லை. முதலில் கையில் சிக்கியதே பீரங்கிதான். ஆயுள் முழுக்கத் துணி அளந்து தைத்த தையல்காரர் கையல்லவா, விரலை விரித்து அளந்தார். "ஏன்டா, ரெண்டு சாண்கூட இல்ல. இதுக்குள்ளயா குடும்பம் நடத்துது?" என்றார். "எறும்புக் குடும்பம் அண்ணா" என்றேன். கூடமே சிரித்தது, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் உன் அப்பாதான். பிறகு விடுவாரா! வாள், பூட்டு, பழைய மணி என்று ஒன்றுவிடாமல் தடவி, என் மானத்தைத் தவணை முறையில் வாங்கினார்.

வெளியே வந்ததும் தோளைக் கொடுத்தேன். "உன் கண்ணை நம்பினது போதும். பைக்குள்ள இருக்கிறதை எடு. வர்ற வழியெல்லாம் என் முழங்கையில இடிச்சுக்கிட்டே வந்துச்சு" என்றார். கோலை விரித்துத் தட்டிக்கொண்டு அவர் முன்னால், வெறும் பையோடு நான் பின்னால். பழக்க தோஷம், "அண்ணா, எதிரே யானை!" என்றேன். ஒரு தட்டுத் தட்டி, "ஸ்கூட்டர்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நடந்தார். வாசலில் அந்த நடையைப் பார்த்த உன் அம்மா அடுப்பை மறந்துவிட்டார், பால் பொங்கி வீட்டுக்குள் ஆறாக ஓடியது. ஆறு இல்லை, அரை டம்ளர் என்று எழுதச் சொல்கிறார் உன் அப்பா. இப்போதெல்லாம் கடிதத்தைக்கூட வாசிக்கச் சொல்லித் திருத்துகிறார், மகளே!

அடுத்த வாரமும் போகிறாராம், நான் வந்தால் வரலாமாம். நீ நூறாண்டு சிரித்து வாழ எங்கள் ஆசிகள். மறந்துவிடாதே, கோலின் நுனி ரப்பர் இரண்டு உடனே அனுப்பு. இருப்பதை இந்த மாதமே தேய்த்துத் தீர்த்துவிடுவார், இது மட்டும் மிகையில்லை.

இப்படிக்கு,
முன்னாள் கண்,
உன் சித்தப்பா