வெட்டில் மோதித் திரும்பிய அலை

அனுப்புநர்:
எல்லிஸ் ஹார்க்னஸ், பேராசிரியர், இயற்பியல் துறை.

பெறுநர்:
ஆய்வு நேர்மை அலுவலர் அவர்கள், பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம், எட்மன்டன்.

பொருள்: சுழல் அலை பற்றிய எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறவும், மாணவி டெசா கோவல்சுக் குறித்து நான் எழுதிய மதிப்பீட்டை நீக்கவும், என்மீது விசாரணை நடத்தவும் கோருதல்.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. காந்தப் பொருளுக்குள் ஓடும் சுழல் அலைகளை விரும்பிய பாதையில் செலுத்துவது என் குழுவின் வேலை. இடவியல் வகை எனப்படும் தனிச்சிறப்பான காந்தத் தகட்டில் அலை விளிம்பை ஒட்டி ஒரே திசையில் ஓடும். விளிம்பில் வெட்டு இருந்தாலும் சுற்றிக்கொண்டு போகும், திரும்பாது என்பது கோட்பாடு. அதை நேரில் கண்டுவிட்டதாகச் சென்ற ஆண்டு கட்டுரை வெளியிட்டோம்.

2. வெளியாவதற்கு மூன்று வாரம் முன்பு, குழுக் கூட்டத்தில் டெசா எழுந்து, "எல்லிஸ், சாதாரணத் தகட்டை வெச்சுப் பார்த்தேன். அதுலயும் அலை ஒரே பக்கந்தான் ஓடுது. இது அலையைக் கிளப்புற ஆன்டெனாக் கம்பி பண்ற வேலை. நம்ம தகட்டுல வெட்டு வந்தா அலை திரும்பியே வருது" என்றார். நான் சொன்னது: "ஒரு கம்பிய நேரா ஒட்டத் தெரியல, கோட்பாட்டைத் திருத்த வந்துட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் கொண்டுவந்த அளவீட்டு வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

3. அவரது ஆண்டு மதிப்பீட்டில் "அளவீட்டில் கவனமற்றவர்" என்று எழுதினேன். அந்த ஒரு வரியால் அவரது ஆய்வு இடம் போயிற்று. இப்போது ரெட் டீர் நகரில் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார்.

4. கடந்த மார்ச்சில் வேறொரு தேவைக்காக அதே சோதனையை நானே செய்ய நேர்ந்தது. அலை வெட்டில் மோதித் திரும்பியது. ஆன்டெனாவை நான்கு முறை கழற்றி மாட்டினேன். நான்கு முறையும் திரும்பியது. அதன் பிறகும் ஏழு மாதம் வாய் திறக்கவில்லை. இடையில் பாஸ்டன் மாநாட்டில் கட்டுரையில் வெளியிட்ட அதே பழைய படத்தையே காட்டிப் பேசினேன். கைதட்டினார்கள். நான் தலை நிமிரவில்லை.

5. சென்ற செவ்வாயன்று டெசாவைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "என்கிட்ட தனியா சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்குச் சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. எழுத்துல குடுங்க" என்றார்.

ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெற்று, என் மதிப்பீட்டை நீக்கி, டெசாவுக்கு அவரது இடத்தை மீண்டும் அளிக்க முன்வந்து, என்மீது விதிப்படி நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன். வருவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அன்று கூட்டத்தில் இருந்த பதினொரு பேருக்கும் இதன் நகலை இன்று காலையே அனுப்பிவிட்டேன். இனி நானே மனம் மாறினாலும் இம்மனுவை மறைக்க முடியாது.

இடம்: எட்மன்டன்
நாள்: 4.11.2024

தவறிழைத்தவன்,
எல்லிஸ் ஹார்க்னஸ்
(கையொப்பம்)