கம்பளிக்குள் பன்னிரண்டு பாட்டில்

2006 ஜனவரி, வியாழன். அல் கோபார், சவுதி.

பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் ஆகியும், திருட்டுத்தனமாக நானே காய்ச்சிய பீரில் நுரை கட்டவில்லை. இந்தக் குளிரில் ஈஸ்ட் வேலை செய்யாது. அதனால் பன்னிரண்டு பாட்டிலையும் என் கம்பளியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தேன். ரூமில் என்னோடு இருக்கும் காதர் பாயிடம் சொல்லவில்லை. அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர்.

சாயங்காலம் சைட்டிலிருந்து காய்ச்சலோடு வந்தார். போர்வைக்கு மேல் என் ஜாக்கெட்டைப் போட்டும் அவருக்குப் பல் தந்தியடித்தது.

"தம்பி, ஒன் கம்பளி எங்கப்பா? கொஞ்சம் குடு" என்றார்.

லாண்டரியில் கிடக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் பார்க்கவே அலமாரியைத் திறந்து கம்பளியை உருவினேன். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

பாய் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தார்.

"ரூமுக்கு போலீஸ் செக்கிங் வந்தா, இவன் குடிக்காத ஆளுன்னு என்னைய மட்டும் விட்டுட்டுப் போவானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி."

குரலில் கோபமே இல்லை.

பன்னிரண்டையும் பாத்ரூமில் கொட்டினேன். ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது. பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் கேட்டதுதான் உறுத்துகிறது.

இப்போது அவருக்கு வேர்க்கிறது. தூக்கத்தில் கம்பளியைக் காலால் தள்ளிவிட்டார். எனக்குக் குளிர்கிறது. எடுத்துப் போர்த்திக்கொள்ள மனம் வரவில்லை.