எங்கை எண்டு கேக்கிற பெட்டி

7, சனி

காலமையே வெய்யில் கொளுத்துது. மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. இண்டைக்கு:

– முட்டை 30, பட்டர் 2 கிலோ
– அரியாலைக் கேக், 11 மணிக்குள்ளை (பிறந்தநாள், 3 கி., நீல ஐசிங்)
– பின் ரயருக்குக் காத்து
– வதனி தந்த பெட்டியைக் கொழுவிப் பாக்கிறது

பெட்டி எண்டது வழி காட்டுற சாமான். உள்ளங்கை அளவுதான். கார்க் கண்ணாடியிலை ஒட்டிவிட்டால் மேலை நிக்கிற சட்டலைற்றைப் பிடிச்சு, எந்த இடத்திலை திரும்புறது எண்டு சொல்லுமாம். அண்ணையின்ரை. ஆவணியிலை நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயிலையிருந்து வந்து நிண்டவர், வாடகைக் காரிலை வைச்சு ஓடினது. போகேக்கை வல்வெட்டித்துறையிலை வதனி வீட்டிலை விட்டிட்டுப் போட்டார். வதனி எங்கடை சித்தப்பாவின்ரை மகள். "எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது அக்கா, நீங்கள்தான் ஊரெல்லாம் கேக் கொண்டு திரியிறியள், கொண்டு போங்கோ" எண்டாள். அந்தாளின்ரை ஒரு துரும்பும் எனக்கு வேண்டாம் எண்டுதான் முதல் சொன்னனான். பேந்து யோசிச்சன், சாமான் என்ன பிழை செய்தது.

மகள் கம்பஸிலையிருந்து போனிலை சிரிக்கிறாள், "போனிலையே மாப் இருக்குத்தானே அம்மா" எண்டு. போனிலை கேக் ஓடர் வரும். ஓடேக்கை அதைத் தடவிக்கொண்டிருக்கேலாது. ஒழுங்கை ஒழுங்கையா நிண்டு வழி கேக்கவும் எனக்குச் சரிவராது. ஒரு வழி கேட்டால் அவை நாலு கேள்வி கேப்பினம். ஆர் வீட்டுக்கு, என்ன விசேஷம், எத்தினை கிலோ, என்ன விலை.

இரவு 8 மணி. அரியாலை போட்டு வந்தாச்சு. பெட்டியிலை எனக்குப் பிடிக்காத விசயம் ஒண்டு: அமத்தின உடனை முதல் வேலையா "எங்கை போறாய்" எண்டு கேக்குது, இங்கிலீசிலை. வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கிறதே? இஞ்சை பக்கத்து வீட்டுக் கனகக்கா, அவவுக்கு இல்லாத விடுப்பே, ஊர்ப் புதினமெல்லாம் துருவிக் கேக்கிறவ, அவகூட "தூரமோ" எண்டுதான் கேப்பா. நாளையிலையிருந்து வீட்டுக்குள்ளை வைச்சே போட்டுவிட்டு, அது கேக்கிறதைக் கேட்டு முடியவிட்டு, பேந்துதான் செருப்புப் போடுறது.

மற்றும்படி கெட்டிக்காரி. பொம்பிளைக் குரல். வெள்ளைக்காரி எண்டு பேர் வைச்சிருக்கிறன். கடல் ஓரத்து றோட்டிலை வடிவாக் கூட்டிக்கொண்டு போனாள், கடைசியிலை கிட்டப் பாதை எண்டு ஒரு பள்ளமும் திட்டியுமான ஒழுங்கைக்குள்ளை விட்டிட்டாள். கேக்கின்ரை ஒரு பக்கம் வெடிச்சுப்போச்சு. காருக்குள்ளை இருந்தே கரண்டியாலை பூசினன். அந்த வீட்டுக்காரிக்குத் தெரியேல்லை.

இவர் பின்னேரம் தொடங்கீட்டார், படலைக்குப் பூட்டுப் போடவேணும் எண்டு. ஆற்றையோ மாடு உள்ளை வந்து கத்தரிக் கண்டெல்லாம் திண்டுபோட்டுது. கொக்கி போதுமப்பா எண்டன்.

8, ஞாயிறு

வெய்யில். ஓடர் இல்லை. குசினி கழுவி முடிச்சு, பெட்டியைக் கொண்டு வளவெல்லாம் திரிஞ்சன். சட்டலைற் எத்தினை பிடிக்குது எண்டு பாக்க ஒரு இடம் இருக்கு, குச்சி குச்சியாக் காட்டும். முத்தத்திலை எட்டு. மாமரத்துக்குக் கீழை மூண்டு. குசினிக்குள்ளை ஒண்டுமில்லை. கிணத்தடியிலை ஒன்பது. இவர் பேப்பருக்கு மேலாலை பாத்து, "சறோ, உமக்கு விசரே" எண்டார். இருக்கட்டும். மேலை இவ்வளவு தூரத்திலை நிண்டுகொண்டு, நான் கிணத்தடியிலை நிக்கிறது அதுக்குத் தெரியுதெண்டால் சும்மாவே?

அண்ணை கப்பலிலை இருக்கேக்கையும் உப்பிடித்தான் ஏதோ வைச்சிருந்திருப்பார். முப்பத்தொரு வருசம் கடலிலை. இரண்டாம் ஒபிசர் வரைக்கும் வந்தவர். உலகத்திலை இல்லாத துறைமுகம் எல்லாம் போனவருக்கு மானிப்பாயிலை என்ரை வீடு மட்டும் தூரமாப் போச்சு.

10, செவ்வாய்

வெய்யில் எண்டாலும் கொஞ்சம் காத்து. வெனிலா முடிஞ்சுது, எழுதி வைக்க.

பெட்டிக்குள்ளை பழைய ஊர்களை அழிக்கலாமோ எண்டு நோண்டிக்கொண்டிருந்தன். அண்ணை போன இடங்கள் எல்லாம் ஒரு நிரையாக் கிடக்கு. கீரிமலை. நல்லூர். வதனி வீடு. அதுக்குக் கீழை, 14, பிள்ளையார் கோயில் ஒழுங்கை, மானிப்பாய்.

என்ரை விலாசம்.

திரும்பத் திரும்பப் பாத்தன். பேந்து கோவம்தான் வந்தது. விலாசத்தை அடிச்சு வைச்சிட்டு வராமல் விட்ட ஆள்.

எழுதி வைக்கிறன், மனசு ஆறட்டும். அம்மா செத்து ஆறு வருசம். அண்ணை அப்ப கடலிலை. எப்ப வருவார் எண்டு கொம்பனிக்காரருக்கே தெரியாது. மூண்டு நாள் வைச்சிருந்தம். அதுக்கு மேலை ஏலாது. வதனியின்ரை தமையன் கொள்ளி வைச்சான். பத்து நாள் கழிச்சு அண்ணை போன் எடுத்து, "மூத்தவன் நான் இருக்க என்ரை உரிமையை ஆருக்கோ தூக்கிக் குடுத்திட்டாய்" எண்டார். நானும் விடேல்லை, "உங்களுக்கு அம்மா எதுக்கு, கடலையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். அண்டையோடை கதை பேச்சு இல்லை.

இந்த ஆவணியிலைதான் வதனி போன் எடுத்தாள், "ஞாயிறு அண்ணை உங்கடை வீட்டை வாறாராம், போனிலை கதைச்சால் பேந்தும் சண்டை வருமாம், நேரிலைதான் வருவாராம்" எண்டு. நண்டு வாங்கினன். அவருக்கு எண்டு முருங்கையிலை போட்டுக் காய்ச்சினன். காலமை ஏழு மணியிலையிருந்து படலையைப் பாத்துக்கொண்டிருந்தன். நாலு மணிக்கு இவருக்கு மட்டும் சோத்தைப் போட்டன். அண்டைக்குப் பிறகு கோயிலிலை காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு, எனக்குக் கூடப்பிறந்தது எண்டு ஒருத்தரும் இல்லை எண்டு.

11, புதன்

காலமை முகில். மழை வாற மாதிரி வந்து போட்டுது. இண்டைக்கு நடந்ததை ஆறுதலா எழுதவேணும்.

இணுவிலுக்குக் கேக் குடுத்திட்டு வரேக்கை பத்தரை மணி. விடுப்புத்தான், வேறை ஒண்டுமில்லை. அந்த நிரையிலை கிடந்த என்ரை விலாசத்தை அமத்தினன். என்னை என்ரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ பாப்பம் எண்டு.

மானிப்பாய்ச் சந்தி வரைக்கும் சரியாத்தான் வந்தாள். சந்தியிலை நான் நேரை போகவேணும். வெள்ளைக்காரி திருப்பு எண்டாள். கோதாரி, இவளுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லிக்கொண்டு திருப்பினன். சுதுமலைப் பக்கம் போகுது. இன்னொருக்கால் திருப்பு எண்டாள். தோட்டம், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், அதுக்குப் பக்கத்திலை ஒழுங்கை. "வந்து சேந்தாச்சு" எண்டாள்.

நீலக் கேற். 14 எண்டு வெள்ளை மையிலை இலக்கம். இவ்வளவு பெரிய பூட்டு, துருப்பிடிச்சு.

இறங்கிக் கேற்றடியிலை நிண்டு யோசிச்சன். சுதுமலைக்கும் தபால் மானிப்பாய்தான். இதுக்கும் பேர் பிள்ளையார் கோயில் ஒழுங்கை. அம்மா செத்தாப் பிறகுதான் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது, அண்ணை ஒருநாளும் கண்டதில்லை. எங்கடை ஒழுங்கைக்கு மூண்டு வருசத்துக்கு முதல்தான் பலகை நட்டு அந்தப் பேரை வைச்சவை, முந்திப் பள்ளிக்கூடத்தடி எண்டுதான் சொல்லுறது. பெட்டிக்குள்ளை பழைய மாப். அதுக்கு எங்கடை ஒழுங்கையே இல்லை. யாழ்ப்பாணத்திலை பிள்ளையாருக்குக் கோயில் இல்லாத ஒழுங்கை இருந்தால்தான் புதினம், இது அந்த வெள்ளைக்காரிக்கு எங்கை தெரியப்போகுது.

முன் வீட்டு வளவிலை ஒரு பொம்பிளை பாயிலை மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிண்டா. வேலிக்கு மேலாலை அவவாய்க் கேட்டா.

"அவை கனடா எல்லே. அஞ்சாறு வருசமாப் பூட்டுத்தான். நீங்கள் அவைக்குச் சொந்தமோ?"

இல்லை எண்டன்.

"போன மாசமும் ஒரு ஐயா வந்தவர். உயரம், வெள்ளைத் தாடி. இறங்கிப் பூட்டைப் பாத்தவர். பேந்து காருக்குள்ளை ஏறி ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தவர். அது ஞாயிறு. பேந்தும் ரெண்டு தரம் வந்தவர். ஆரைத் தேடுறியள் ஐயா எண்டு நான் கேட்டனான். ஒருத்தரையும் இல்லை எண்டு சொல்லிப்போட்டார்."

கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"கடைசி நாள் ஒரு பையைக் கேற்றிலை கொழுவிப்போட்டுப் போனவர். நாய் இழுத்துப்போடும் எண்டு நான் எடுத்து வைச்சனான். சொக்கிளேற் பிள்ளையள் திண்டிட்டுதுகள், பொய் சொல்லக்கூடாது. மற்றது என்ன சாமானோ தெரியேல்லை, மெசின்ரையோ என்னவோ."

உள்ளை போய் ஒரு தகரப் பெட்டி கொண்டந்து தந்தா. திறந்தன். ஐசிங் பைக்குப் பூட்டுற வாய்கள், பூப் போட, இலை போட, கயிறு மாதிரி இழுக்க, இருபத்துநாலு விதம். மூடியிலை அண்ணையின்ரை கையெழுத்து, சரிஞ்ச கையெழுத்து: "சறோவுக்கு."

"சறோ ஆர் அக்கா" எண்டு கேட்டா.

நான்தான் எண்டு சொல்லிப்போட்டு றோட்டிலையே அழுதன். பாவம் அந்த மனுசி, ஒண்டும் விளங்காமல் தேத்தண்ணி ஊத்தித் தந்தது. பேரும் கேக்கேல்லை நான்.

12, வியாழன்

வெய்யில். கேக் அடி பிடிச்சுப்போச்சு. திரும்ப அடிச்சன். வதனிக்குப் போன் எடுத்தன்.

"அவர் திரும்பி வந்து என்னடி சொன்னவர்?"

"நான் வருவன் எண்டு தெரிஞ்சும் அவள் பூட்டிப்போட்டுப் போட்டாள், விருப்பமில்லைப் போலை எண்டார். நான் ஏன் அதை உங்களிட்டைக் கொண்டந்து இன்னும் மூட்டுவான் எண்டு பேசாமல் இருந்திட்டன் அக்கா."

அப்ப அவர் அங்கை என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், நான் இஞ்சை அவரைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறன், நடுவிலை கனடாக்காரற்றை பூட்டு. அண்ணையின்ரை நம்பரைச் சொல்லு எண்டன். கலண்டர்த் தாளுக்குப் பின்னாலை எழுதி லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன்.

காலமை எடுப்பம் எண்டு நினைச்சன், அங்கை விடியப்புறமாம். பின்னேரம் நினைச்சன், ஆக்கள் வந்திட்டினம். பொய். பயம். மூண்டு தரம் வந்தும் கேற்றுத் திறக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற மனுசனுக்கு முதல் வார்த்தையா என்னத்தைச் சொல்லுறது?

புது வாயைப் போட்டு ஒரு பூ இழுத்துப் பாத்தன். இதழ் வடிவா விரியுது.

13, வெள்ளி

வெய்யில், புழுக்கம். கோயிலுக்குப் போட்டு வந்து, சேலை மாத்தாமல், ரெண்டு மணிக்கு எடுத்தன். அஞ்சு தரம் மணி அடிச்சாப் பிறகு தூக்கினார். என்ரை குரலைக் கேட்டிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை:

"பூட்டிக்கிடந்தது."

"அது என்ரை வீடில்லை அண்ணை" எண்டன். "உங்கடை பெட்டி பிழையான இடத்திலை கொண்டுபோய் விட்டிருக்கு. நானும் போய்ப் பாத்தனான். நான் அண்டைக்கு நண்டு காய்ச்சி வைச்சுக்கொண்டு இருந்தனான்."

நான் இருந்த கோவத்துக்கு, "முன் வீட்டு மனுசி கேட்டதாமே, ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை? என்ரை பேரைச் சொன்னால் சந்தியிலை சின்னப் பிள்ளையும் கொண்டந்து விடும்" எண்டன்.

"கூடப்பிறந்தவள் எங்கை இருக்கிறாள் எண்டு ஊராக்களிட்டை எப்பிடிக் கேக்கிறது சறோ" எண்டார்.

அம்மாவின்ரை கதையை அவர்தான் எடுத்தார். "மூண்டு நாள் வைச்சிருந்தனியளாம், வதனி இந்தமுறை வரேக்கைதான் சொன்னவள். எனக்கு அப்ப ஆர் சொன்னது" எண்டார். நான் சொன்னதும் பிழைதான் எண்டன். கடலைப் பற்றிச் சொன்னதை. அவர், விடு எண்டார்.

வைக்க முதல் சொன்னார், எந்தப் பெரிய கப்பல் எண்டாலும் துறைமுகத்துக்குள்ளை போகேக்கை உள்ளூர்க்காரன் ஒருத்தன் ஏறி நிண்டுதான் வழி சொல்லுவானாம். கப்டனும் பேசாமல் கேப்பாராம். "தைக்கு வாறன். நீ சந்தியிலை வந்து ஏறு" எண்டார்.

ஓம் எண்டன்.

14, சனி

விடியக் காலமை மழை. முதல் மழை. முத்தம் நனைஞ்ச மணம். மஞ்சள் ஐசிங் கலக்க, முட்டை 20, கொக்குவில் ஓடர் 4 மணிக்கு. பெட்டியிலை அந்த விலாசத்தை அழிச்சன். எங்கடை கிணத்தடியிலை போய் நிண்டு, ஒன்பது குச்சியும் வந்தாப் பிறகு, இந்த இடத்தை வைச்சிரு எண்டு அமத்தினன். பேர் என்ன போட எண்டு கேட்டுது. சறோ எண்டு போட்டன்.

பத்து மணிபோலை இவர் கடையாலை வந்தார், நனைஞ்சுகொண்டு. கையிலை படலைக்குப் புதுப் பூட்டு. திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ எண்டன். மாடு வந்தால் எண்டார். வரட்டும் எண்டன்.